போபொய்பாய் படத்துக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு?

மலேசியாவிலேயே எடுத்த ஒரு கார்ட்டூன் படத்துக்குப் பிள்ளைகள் ஏன் அப்படிக் கைதட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தின் நாயகனான சிறுவன் போபொய்பாய் அவர்களுக்குப் புதியவன் இல்லை. 2011-லேயே மலேசியாவின் டிவி3 தொலைக்காட்சியில் தொடராக வந்து வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். 2016-இல் முதல் படம், 2019-இல் இரண்டாவது. இரண்டாவது படம் உள்ளூரிலேயே 2 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உலகத்தைக் காப்பாற்றுகிற பையன், மற்ற நேரத்தில் தாத்தாவின் கொக்கோ கடையில் கூடமாட வேலை செய்கிறான். கூட்டாளிகள் யாயா, யிங், அப்புறம் நம் கோபால். பொருளையெல்லாம் தின்பண்டமாக மாற்றுகிற சக்தி அவனுக்கு! அவன் திரையில் ‘அப்பா’ என்று கூப்பிட்டதும், பக்கத்தில் இருந்த என் அக்கா மகன் சோளப்பொரியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். ‘மாமா, நம்ம பாஷை!’ என்றான். வெளிநாட்டுப் படம் எதிலும் அவனுக்கு அது கிடைத்ததில்லை.

தொடரைப் பார்க்காத பெரியவர்களுக்குச் சில இடங்கள் புரியாது, அது உண்மை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், சொல்லிவிடும்.