மலிவு ஏர் ரைஃபிளைச் சீராக்குவது: கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு விலை குறைந்த ஸ்ப்ரிங் ரைஃபிள்களைச் சீராக்குவது என் பொழுதுபோக்கு. இன்று பேசுவது 4.5 மி.மீ. பிரேக் பேரல் வகை மட்டும்: பேரலை மடக்கினால் உள்ளே ஸ்ப்ரிங் அழுந்தும் (இதுதான் காக் செய்வது), ட்ரிகரை இழுத்ததும் அது சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளி, காற்றழுத்தத்தால் பெல்லட்டை, அதாவது சிறு குண்டை, அனுப்பும். 2016 ஆயுத விதிகளின்படி இந்தத் துளை அளவில், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்ட வைக்கும் எந்த வேலைக்கும் என்னிடம் பதில் கிடையாது. மற்றதைக் கேளுங்கள்.

ஊட்டி: புதிதாக வாங்கினேன் அண்ணா. பத்து மீட்டரில் டீ சாசர் அளவுக்குச் சிதறுகிறது. முதலில் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

ஒன்றையும் மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன்கட்டையின் இரண்டு பக்கமும் இருப்பவை, ட்ரிகர் கார்டில் இருப்பவை எல்லாம் ஸ்ப்ரிங் உதறலில் தானாகவே தளரும். கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். பாதிச் சிதறல் இதிலேயே அடங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பேரல் மடங்கும் மூட்டு. காக் செய்யாத ரைஃபிளில் பேரலை மூடி, நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். துளியாவது ஆடினால் மூட்டு போல்ட்டை முடுக்க வேண்டும். பிறகு சீல். பேரல் மூடும் வாயின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்து, பெல்லட் போட்டு இலக்கில் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினால் தீர்ந்தது. பேரல் நுனியில் காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு ஒரே இடத்தில் மாட்டி இழுபட்டால் அங்கே பிசிறு இருக்கிறது. அதை மட்டும் ஒரு நல்ல லேத்காரரிடம் கொடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் பெல்லட். நாலைந்து வகை வாங்கி, மணல் மூட்டை மேல் கை வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து சுட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிள் ஒரு வகையைச் சிதறடிக்கும், இன்னொன்றை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் வைக்கும். பிடியை இறுக்க வேண்டாம். பெல்லட் பேரலை விட்டுப் போவதற்குள்ளேயே இந்த ரைஃபிள் பின்னும் முன்னுமாக உதறும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதற விட வேண்டும். முன்கட்டை உங்கள் உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: பேரல் மடங்கியிருக்கும்போது, பெல்லட் போடும் நேரத்திலும், ஒரு கை பேரலை விடவே கூடாது. ட்ரிகர் வழுக்கினால் பேரல் படீரென்று மூடிக்கொள்ளும். விரல் நசுங்கும்.

கோவை: பெரிய ஸ்ப்ரிங் போட்டால் பவர் கூடுமா சார்?

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அந்த வகை ரைஃபிள்கள் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும். கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் வரும், சட்டம் விடுகிற அளவில் பாதிகூட இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி பவர் இல்லை. கனத்த ஸ்ப்ரிங் போட்டால் உதறல் கூடும், சீல் கிழியும், குறி கெடும், சட்டச் சிக்கலும் வரும்.

கோவை: என் மாமா வீடு ஊட்டியில். இங்கே சரியாக அடிக்கிற ரைஃபிள் அங்கே போனால் குறி மாறுகிறது. குளிரா?

நல்ல கேள்வி. குளிருக்கும் பங்கு உண்டு, கிரீஸ் கெட்டியாகும். ஆனால் முக்கியமான காரணம் உயரம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் மேல். சிலிண்டருக்குள் நிறைவதும் அந்த மெலிந்த காற்றுதான். அதனால் பெல்லட் கொஞ்சம் மெதுவாகக் கிளம்பும். பிஸ்டனுக்கு முன்னால் தாங்கிக்கொள்ளும் காற்று குறைவதால் அது சிலிண்டர் முனையில் பலமாக மோதும். வெளியே வந்த பெல்லட்டுக்கோ காற்றுத் தடை குறைவு. மூன்றும் சேர்ந்து குறியை நகர்த்துகின்றன. மலைக்குப் போனதும் சைட்டை, அதாவது குறி பார்க்கும் அமைப்பை, மறுபடி செட் செய்யுங்கள். இலேசான அலாய் பெல்லட்டை மேலே கொண்டுபோகாதீர்கள், அது மோதலை இன்னும் கூட்டும். நடுத்தர எடையுள்ள ஈய பெல்லட் போதும்.

திருப்பூர்: வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, அதையே விடலாமா?

கூடாது. ஊட்டிக் குளிரில் உறைந்துவிடும். சிலிண்டருக்குள் சாதாரண மெஷின் ஆயிலும் விடாதீர்கள். அழுத்தத்தில் காற்று சூடாகி எண்ணெய் பற்றிக்கொள்ளும், டப்பென்று சத்தமும் புகையும் வரும், பிஸ்டன் வாஷர் கருகும். சிலிகான் ஆயில் ஓரிரு சொட்டு போதும்.

கூடலூர்: மைசூருக்குப் போகும்போது காரில் வைத்துக்கொள்ளலாமா?

முதுமலை வழியாக என்றால் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அடக்கம். உங்களுடையது வெறும் ஏர் கன் என்பது செக்போஸ்டில் எடுபடாது.

ஈரோடு: ஸ்ப்ரிங்குக்கு உள்ளே வாஷர் அடுக்கினால் பவர்...

மேலே கோவைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கொடைக்கானல்: குரங்குத் தொல்லை தாங்கவில்லை. சும்மா பயமுறுத்த ஒன்றிரண்டு பெல்லட்...

கூடவே கூடாது. பெல்லட் தோலுக்குள் போய்ப் புழு வைத்து, அந்தக் குரங்கு பல நாள் துடித்துச் சாகும். 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே உங்கள் மேல் பாயும். நாட்டுக்குரங்கு, மலையணில், கருமந்தி எதுவானாலும் வனவிலங்குச் சட்டமும் உண்டு. குப்பைத் தொட்டியை மூடுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள். காகிதம், தகர டப்பா தவிர எதையும் குறி வைப்பவருக்கு நான் உதவ மாட்டேன்.

கோத்தகிரி: ஸ்டாக், அதாவது ரைஃபிளின் மரக்கட்டை, விரிசல் விட்டுவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு ஈட்டி மரம் நிற்கிறது. ஒரு கிளை எடுத்துப் புதிதாகச் செய்யலாமா?

ஈட்டியைத் தொடாதீர்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று 1994இல் அதற்கென்றே தமிழ்நாட்டில் காலவரையறையோடு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது தவிர, மலைப் பகுதி மரங்களுக்கு 1955ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. மர டிப்போவில் காய்ந்த சில்வர் ஓக் வாங்குங்கள், போதும்.

கொடைக்கானல் (வேறொருவர்): சில்வர் ஓக்கா? ஸ்க்ரூ முடுக்கினால் பிளந்துகொள்ளும். அது பெட்டி அடிக்கிற மரம் அண்ணே. எங்கள் பக்கம் பேரி மரம் இருக்கிறது, அதைவிட்டு இதைச் சொல்கிறீர்களே!

பேரி என்றதும் மனசு நிறைந்துவிட்டது. நெருக்கமான இழை, உளிக்கு வெண்ணெயாக வழிவிடும், எந்தப் பக்கம் செதுக்கினாலும் பிய்யாது. கிடைத்தால் நிச்சயம் அதுதான். ஆனால் சில்வர் ஓக்கை இப்படித் தள்ளாதீர்கள். ஆரப்போக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டைப் பக்கமாக, அறுத்தால் அதில் பளபளப்பான பொறிகள் அழகாக வரும். ஸ்க்ரூ துளைக்குள் சின்னப் பித்தளைக் குழாய் செருகிவிட்டால் இறுக்கம் உலோகத்தின் மேல் விழும், மரம் பிளக்காது.

குன்னூர்: நான் தச்சு வேலை செய்கிறவன். பேரி காயும்போது முறுக்கும். அதைச் சொல்லவில்லையே?

உண்மைதான். பச்சை மரத்தில் செய்தால் ஸ்டாக் வில்லாக வளையும். வெட்டு முனைகளுக்கு மெழுகோ பெயின்டோ பூசி, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி நிழலில் காய விட வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது கணக்கு. நம் மூடுபனியில் இன்னும் இழுக்கும். உடனே வேண்டும் என்றால் பழைய பேரிக் கட்டில் கால், மேஜைக் கால் தேடுங்கள்.

கொடைக்கானல் (அதே நபர்): அப்போ பேரிதான் உசத்தி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

கட்டைக்குப் பேரி. கைக்கு எட்டுவதற்குச் சில்வர் ஓக். தச்சர் அண்ணன் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

திண்டுக்கல்: நாலு மடங்கு ஸ்கோப் மாட்டினேன், ஒரே மாதத்தில் உள்ளே கோடு சாய்ந்துவிட்டது.

முன்பக்க உதறலைத் தாங்காத ஸ்கோப். ஸ்ப்ரிங் ரைஃபிளுக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இல்லாவிட்டால் கூட வந்த சைட்டே நல்லது.

சேலம்: பவர் கூட்ட வேறு வழி...

இல்லை.

கோத்தகிரி: கட்டை கிடைக்கும்வரை பழைய ஸ்டாக்கையே மெருகேற்றலாமா?

தாராளமாக. விரிசலில் மரப்பசையை இறக்கிக் கட்டி, ஒரு நாள் விடுங்கள். வார்னிஷை 120 உப்புத்தாளால் எடுங்கள். நசுங்கிய பள்ளத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினால் மரம் தானே எழும்பும். பிறகு 240, 400. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, எழும்பிய பிசிறுக்கு மறுபடி 400. லின்சீட் ஆயிலை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு பூச்சு காய மூன்று நாள்கூட ஆகும், அவசரப்பட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயப் போடுங்கள். கட்டையை மறுபடி மாட்டும்போது பேரலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.