ஒத்துவராத வேலைகளைப் பயோடேட்டாவில் மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம், வயது 31. டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து, நூற்பாலைத் தரக்கட்டுப்பாட்டில் 2 ஆண்டு, திருப்பூரில் மெர்ச்சண்டைசராக (ஆடை ஆர்டர்களைப் பின்தொடர்ந்து குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுக்கும் வேலை) 18 மாதம், ஃபைனான்ஸ் வசூலில் 3 ஆண்டு இருந்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. இப்போது கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். பழைய வேலைகளை மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்க வேண்டாம். மூன்று இடங்களிலும் பி.எஃப். பிடித்திருந்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உங்கள் யுஏஎன் எண்ணில் (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பதிவாகியிருக்கும். வேலைக்கு எடுப்பதற்கு முன் அந்தப் பதிவைக் கேட்கும் கம்பெனிகள் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் மறைக்க நினைக்கும் அந்தத் திருப்பூர் 18 மாதம்தான் இந்த வேலைக்கு உங்களிடமுள்ள பெரிய கைமுதல் என்பது.

துணிக்குச் சாயமேற்றும் டையிங்கில் கேட்டால் "துணி மெஷினில் ஓடுகிறது, நாளைக்கு வந்துவிடும்" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய், கிரே துணி (சாயமேற்றாத துணி) இன்னும் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிய நாள் உங்களுக்கும் நிச்சயம் இருந்திருக்கும். ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்ற கவலையோடு செய்த அந்தப் பின்தொடர்தலையே, பர்ச்சேஸ் பிரிவில் துணிக்குப் பதிலாகப் பம்ப்செட்டுக்கு வேண்டிய இரும்பு வார்ப்படத்துக்குச் செய்யப் போகிறீர்கள். அதை வார்த்துத் தரும் ஃபவுண்டரிக்காரரும் "நாளைக்கு" என்றுதான் சொல்வார். ஆகவே பயோடேட்டாவில் "மெர்ச்சண்டைசர், 18 மாதம்" என்று ஒற்றை வரியில் நிறுத்தாமல், எத்தனை ஆர்டர்களை, எத்தனை சப்ளையர்களிடம், எந்தத் தேதிக்குள் முடித்துக் கொடுத்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

நூற்பாலையில் 120 கெஜம் நூலைச் சுற்றி எடைபோட்டுக் கவுண்ட் (நூலின் மென்மை அளவு) பார்த்திருப்பீர்கள். ஒரு லாட்டைத் திருப்பி அனுப்ப எவ்வளவு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றிருப்பீர்கள். வந்திறங்கும் சரக்கைச் சோதிக்கையில் அது உதவும். வசூல் வேலையைப் பற்றி இரண்டு வரி போதும்.

ஆனால், ஒன்றைக் கடுமையாகவே கேட்க வேண்டியிருக்கிறது. திருப்பூரில் ஒத்துவராதது எது? சதா ஃபோனில் ஆளை விரட்டும் வேலையா, இரவு பத்து மணிவரை இழுத்த நேரமா, மேலே இருந்தவரா? நேரமோ ஆளோ என்றால் இடம் மாறினால் சரியாகிவிடக்கூடும். விரட்டுவதே பிடிக்கவில்லை என்றால், பர்ச்சேஸும் அதே வேலையின் உடன்பிறப்புதான். தரப்பரிசோதனைப் பிரிவில் இடமிருக்கிறதா என்று அதே கம்பெனியில் விசாரிப்பது நல்லது. பலர் மூன்றையும் ஒரே கசப்பாகக் குழப்பிக்கொண்டு, அடுத்த இடத்திலும் போய் அதிலேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால் பழைய முதலாளியைக் குறை சொல்லாமல், "சப்ளையரிடம் சரக்கு வாங்கித் தரும் பகுதி எனக்குக் கைவந்தது, அதையே முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன்" என்று சொல்லலாம், அது உண்மையாக இருக்கும்பட்சத்தில்.

இன்னொன்று, பழைய பி.எஃப். பணத்தைச் செலவுக்கென்று எடுத்துவிடாதீர்கள். பி.எஃபோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்திருந்தால், மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். உங்களுக்கு ஆறரை ஆண்டு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிய கம்பெனியில் சேர்ந்ததும் பழைய பி.எஃப். கணக்குகளைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விலகிய தேதி மூன்றுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.