ஒரு கருத்தை வைத்துப் பேசும் பேச்சு சனத்தின் மனதில் நிற்க என்ன வேண்டும்?

அடுத்த மாதம் ஊர் வாசிகசாலையில் 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், இணையத்தில் பார்க்கிற 18 நிமிடப் பேச்சுகளைப் போல ஒரேயொரு கருத்தை எடுத்துப் பேச ஆசை, அப்படியான பேச்சைத் தூக்கி நிறுத்துவது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற வேலை பத்து வருடத்துக்கு மேலாக என் பொறுப்பு. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை நான் கண்டது ஒரு சிறுபோகக் கூட்டத்தில்.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். காலபோகம் மாரி மழையோடு விதைக்கிறது. சிறுபோகம் அதற்குப் பிறகு குளத்தில் மிஞ்சி நிற்கிற தண்ணீரை நம்பி விதைக்கிறது. எங்கள் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. மாரி முடிய எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவெடுப்பார்கள். பெரிய கூட்டம் முடிந்த பிறகு வாய்க்கால் வாய்க்காலாகச் சின்னக் கூட்டங்கள் நடக்கும். அப்படி ஒன்றுக்குத்தான் என் கணவரோடு போயிருந்தேன். தகரக் கூரை மண்டபம், பங்குனி வெயில், இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.

முதலில் ஒரு அதிகாரி திரை போட்டுப் பேசினார். ஐம்பது நிமிடம். அட்டவணைக்கு மேல் அட்டவணை. கணக்கெல்லாம் சரி, மனிதரும் நல்லவர், இரவிரவாக இருந்து செய்திருப்பார். ஆனால் பின் வாங்கில் இருந்தவர்கள் வெற்றிலை போட ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள்.

அவருக்குப் பிறகு வாய்க்காலின் கடைசிக் காணிக்கார ஐயா ஒருவர் எழுந்தார். கையில் நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று, வீட்டுத் தாழ்வாரத்துப் பீலி மாதிரி. அடியில் வரிசையாக ஆறு ஓட்டை, விரல் நுழைகிற அளவு. இரண்டு கதிரைகளின் மேல் அதைக் கொஞ்சம் சரிவாக வைத்து, ஒரு பெடியனைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தால் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். முதல் இரண்டு ஓட்டையாலும் தண்ணீர் கொட்டியது. மூன்றாவது, நான்காவதால் ஒழுகியது. கடைசி ஓட்டையின் விளிம்பில் ஒரு துளி வந்து விழாமல் தொங்கிக்கொண்டு நின்றது. மண்டபம் முழுக்க அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே போனவர்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

"இதுதான் நான்" என்றார். "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தைக் கழிச்சாலும் முப்பது வருஷமா இந்தக் கடைசி ஓட்டை நான்தான்."

பிறகு மடியில் இருந்து பிசைந்த களிமண்ணை எடுத்து முன் ஐந்து ஓட்டைகளையும் அடைத்தார். தண்ணீர் ஓடிவந்து கடைசி ஓட்டையால் இறங்கியது. அது இறங்கி முடிய ஐந்தாவதைத் திறந்தார், பிறகு நான்காவதை. அப்படியே பின்னால் இருந்து முன்னுக்கு வந்தார். "முதல் ஓட்டைக்காரனை நான் கள்ளன் எண்டு சொல்லேல்ல. அவன்ர வாசலால தண்ணி போகுது, அவன் எடுக்கிறான். நான் அங்க இருந்தாலும் எடுப்பன். முறையைக் கடைசியில இருந்து தொடங்குங்கோ தம்பியவை. முன்னுக்கு இருக்கிறவனுக்கு எப்பிடியும் தண்ணி தப்பாது." அவ்வளவுதான். நன்றி வணக்கம்கூடச் சொல்லவில்லை, பீலியைத் தூக்கிக்கொண்டு போய் இருந்துவிட்டார். மொத்தமாக ஏழு நிமிடம் வந்திருக்குமா தெரியாது.

அடுத்த கிழமை தேத்தண்ணிக் கடையில் அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வராத ஆட்கள்கூட "கடைசி ஓட்டையில இருந்து" என்று சொன்னார்கள். நான் அங்கேதான் விளங்கிக்கொண்டேன்: கருத்துப் பேச்சு வென்றதா என்று கேட்டவர் இன்னொருவருக்குத் தன் வாயால் அதைச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் தெரியும். கைதட்டு அதற்கு அளவில்லை. அந்த அதிகாரிக்கும் கைதட்டினார்கள்.

அந்த ஐயாவின் பேச்சைப் பல நாள் மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். அவரிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. உர விலையைப் பற்றியும் யானை வேலியைப் பற்றியும் அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும், ஒன்றையும் தொடவில்லை. அந்தக் கருத்துக்கு அவர் விலை கொடுத்திருந்தார், முப்பது போகம் காய்ந்த பயிரைப் பார்த்திருந்தார். நான் பெரிதாக நினைப்பது மூன்றாவதை. முன் காணிக்காரர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். "நானும் எடுப்பன்" என்ற சொல்லோடு அவர்கள் முகம் இளகியதை நான் கண்டேன். குற்றம் சாட்டப்பட்டவன் பதில் தேடுவானே ஒழியக் காது கொடுக்க மாட்டான்.

இதே விஷயத்துக்கு உலகம் அறிந்த ஒரு உதாரணமும் இருக்கிறது. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பேர்க் மயானத்தில் எட்வேர்ட் எவரெட் என்ற பேர்போன பேச்சாளர் இரண்டு மணித்தியாலம் பேசினார். அவருக்குப் பிறகு ஆபிரகாம் லிங்கன் எழுந்து 270 சொல் அளவில் பேசி முடித்தார். அடுத்த நாளே எவரெட் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் இரண்டு நிமிடத்தில் அந்த நாளின் மையக் கருத்துக்கு எவ்வளவு கிட்டப் போனீர்களோ, அவ்வளவு கிட்ட நான் இரண்டு மணித்தியாலத்தில் போயிருந்தால் சந்தோஷப்படுவேன் என்ற கருத்தில். நீங்கள் சொல்லும் 18 நிமிடப் பேச்சுகள் 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டெட் (TED) மேடையின் வழக்கம். அந்த எல்லையின் பயனும் இதுதான். நேரம் குறையக் குறைய எதை விடுவது என்று பேச்சாளர் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

அந்த மேடையில் 2008இல் ஜில் போல்ட் டெய்லர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் உண்மையான மனித மூளை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தனக்குப் பக்கவாதம் வந்த காலையைப் பற்றிப் பேசினார். 2009இல் பில் கேட்ஸ் மலேரியாவைப் பற்றிப் பேசும்போது ஒரு போத்தலைத் திறந்து நுளம்புகளைச் சபைக்குள் பறக்கவிட்டார். ஏழைகள் மட்டும்தான் இதை அனுபவிக்க வேண்டுமா என்றார். இதைப் பார்த்துவிட்டு எதையாவது மேடைக்குக் கொண்டுபோனால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பீலி இல்லாவிட்டால் அந்த ஐயாவின் கருத்தே இல்லை. நுளம்பு இல்லாவிட்டால் கேட்ஸின் கேள்விக்குக் கூர் இல்லை. உங்கள் கருத்து பொருளில்லாமலே நிற்குமானால் வெறுங்கையோடு போங்கள்.

எங்களுக்கு மேடைப்பேச்சு புதிதும் இல்லை. 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் பிரசங்கம் செய்கிற முறையை அவர்களோடு இருந்து பார்த்தவர், அதைத் தன் சமயத்துக்கு எடுத்துக்கொண்டார். பாட்டுக்கு உரை சொல்கிற சபையைவிட்டுச் சாதாரண சனத்துக்கு விளங்குகிற வசனத்தில் பேசியதுதான் அவர் செய்த பெரிய காரியம். அங்கேயிருந்து வந்த நாங்கள் இன்று மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மேடையில் இருக்கும் பதினொரு பேரின் பெயரும் பதவியும் என்று முக்கால் மணித்தியாலத்தைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் கருத்தைச் சொல்கிறோம். சபையின் முதல் ஐந்து நிமிடக் கவனம் திரும்பக் கிடைக்காது. அதைப் பெயர் வாசிப்பதற்குக் கொடுப்பது எனக்கு மனவருத்தம்.

வன்னிச் சனம் பேச்சுக் கேட்டுக் களைத்த சனம். 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம்களில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் வெயிலில் வரிசையாக இருத்திவைத்துப் பேசினார்கள் என்று சொல்வார்கள். என் அம்மா அங்கே இருந்து பழகியது ஒன்று: ஆள் வாயைத் திறந்த கையோடு, இவர் எங்களுக்குச் சொல்ல வந்தாரா, படம் எடுக்க வந்தாரா என்று கண்டுபிடிப்பா. அவவின் கணிப்பு பிழைத்ததை நான் காணவில்லை. உங்கள் சபையிலும் அப்படிப்பட்ட அம்மாமார் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் கதையையும் சொல்ல வேண்டும். தலைப்பு "காடுகளைக் காப்போம்". "பச்சைப் பட்டாடை உடுத்திய வன்னி அன்னையே" என்று தொடங்கி எழுதிக்கொண்டு வந்தாள். முன்பு என்றால் நானே இன்னும் இரண்டு அடைமொழி சேர்த்துக் கொடுத்திருப்பேன். இந்தமுறை, "காட்டைப் பற்றி உனக்கு நேர தெரிஞ்சது என்ன பிள்ளை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாலைப்பழம் தெரியும் ரீச்சர். அம்மா ரோட்டுக்கரையில வச்சு விக்கிறவ."

"அதில என்ன?"

"இப்ப ஆக்கள் ஏறிப் பிடுங்கிறேல்ல. கொப்போட வெட்டி விழுத்தித்தான் எடுக்கினம். அடுத்த வருஷப் பழத்தையும் சேர்த்து விக்கினம் எண்டு அம்மா சொல்லுவா."

பேச்சு முடிந்துவிட்டது, இனி எழுத ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "பாலைப்பழம் திண்டால் உதடு ஒட்டும்" என்று தொடங்கினாள். சபையில் பாதிப்பேர் தங்களை அறியாமல் உதட்டை நனைத்தார்கள். பாலை எவ்வளவு ஆறுதலாக வளரும் மரம், ஒரு கொப்பு திரும்ப வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்லி, அம்மாவின் அந்த வசனத்தோடு நிறுத்தினாள். மொழிவளம் போதாது என்று நடுவர் ஒருவர் புள்ளியைக் குறைத்தார், மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அந்த நோவு எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வைகாசி பிறந்து ஏ9 வீதியோரம் பழம் வந்ததும், எங்கள் ஆசிரியர் அறையில் வாங்கிவந்த பையைப் பார்த்து ஒருவர் கேட்டார், "இது ஏறிப் பிடுங்கினதோ, கொப்போட வெட்டினதோ?"

இனி உங்கள் விஷயம். தலைப்பை விடுங்கள், கருத்தை ஒரு வசனத்தில் எழுதுங்கள். "நிலத்தடி நீர்" என்பது தலைப்பு. "எங்கள் கிணறு உவர்ப்பது பக்கத்துக் குழாய்க்கிணற்றால்" என்பது கருத்து, அதில் ஆம் இல்லை என்று ஒருவர் வாதாட முடியும். அதை வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சொல்லிப் பாருங்கள். கத்தி நின்றால் சரி, வெட்டிக்கொண்டே "ம்" என்றால் வசனத்தை மாற்றுங்கள். மணிக்கூட்டை வைத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள், மேடையில் அது பதினைந்தாக நீளும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாடமாக்குங்கள். முதல்நாளே போய் மைக்கைப் பிடித்துப் பாருங்கள், மின்சாரம் நின்றால் உங்கள் குரல் பின் வாங்குக்குக் கேட்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு வசனத்தை எனக்கும் எழுதி அனுப்புங்கள், ஆறுதலாக இருந்து பார்த்துச் சொல்கிறேன்.