மற்ற மீன்களை மூலையில் ஒடுக்கும் ஆராட்டஸ்

வணக்கம் நண்பரே. மூன்றடித் தொட்டியில் ஆறு மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள்) விட்டீர்கள், அவற்றில் ஆராட்டஸ் என்ற வகை மீன் ஒன்று மற்ற ஐந்தையும் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுக்கிவிட்டது, ஒன்றுக்கு வால் கிழிந்துவிட்டது என்கிறீர்கள். மஞ்சளாக வாங்கியது கறுத்து வருவது நோயல்ல. ஆண் ஆராட்டஸ் ஆதிக்கத்துக்கு வந்தால் அப்படித்தான் மாறும். மலாவி ஏரியில் தோற்ற மீன் பாறைகளுக்கிடையே தப்பி ஓடிவிடும், உங்கள் கண்ணாடிக்குள் ஓட இடமில்லை.

வால் கிழிந்ததை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். அப்புறம் அந்த ஆணையும் பிடித்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வழியாக நீரை வடிகட்டும் கருவி) போட்ட வேறொரு தொட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் பழைய தொட்டியின் கற்களை முழுக்க இடம் மாற்றி அடுக்குங்கள். அந்த ஆண் மீனின் பழைய எல்லை அழிய வேண்டும், அதுதான் முக்கியம். கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். இவை வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பும், ஒரே இரவில் அடியில் குழி விழுந்து கல் சரியும். எனக்கு அப்படி ஒரு மீன் நசுங்கிச் செத்தது, இன்னும் மனசு கேட்கவில்லை. முதலில் அடிக்கண்ணாடியில் தெர்மாகோல் தாள், அதன்மேல் கல், கடைசியாக மணல். இரண்டு பக்கமும் வழியுள்ள பொந்துகளாக அமையுங்கள், ஒருவழிப் பொந்தில் துரத்தப்பட்ட மீன் மாட்டிக்கொள்ளும்.

அந்த ஆண் மீனை விளக்கணைத்த பிறகு கடைசியாக விடுங்கள். பிறகும் அடித்தால், நான்கடித் தொட்டியும் ஓர் ஆணுக்கு நான்கைந்து பெண்களும் வேண்டும். அது முடியாதென்றால் அவனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.