சிறப்புரைக்கு முன்பே மாலை முடிந்துவிடுகிறதா?

கேள்வி: வேதிப் பொறியாளர் சங்கம் ஒன்றின் மாவட்டக் கிளைக்குச் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுப் பொதுக்குழுவையும் சிறப்பு விருந்தினர் உரையையும் ஒரே மாலையில் வைக்கிறோம். சென்ற ஆண்டு 90 பேர் வந்தார்கள். விருந்தினர் பேச எழுந்தபோது பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். இன்னும் பெயர் பெற்ற ஒருவரை அழைத்தால் சரியாகுமா? சென்ற ஆண்டு நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன்.

பதில்: சரியாகாது. நிரலைப் பார்த்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆண்டறிக்கை, வரவு செலவு, நிர்வாகிகள் தேர்வு, நான்கு வாழ்த்துரைகள், பொன்னாடை. இத்தனைக்கும் பிறகுதான் சிறப்புரை. ஆறு மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில் விருந்தினர் ஒலிபெருக்கி முன் வந்தபோது மணி 7.40 ஆகியிருக்கிறது. பேச்சாளரிடம் குறையில்லை. அவருக்கு முன்னால் அடுக்கியவற்றில்தான் குறை.

முதலில் பொதுக்குழுவைத் தனியே பிரியுங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் 4.30 மணிக்கு வையுங்கள். ஆண்டறிக்கையும் தணிக்கை முடிந்த கணக்கும் கூட்ட அறிவிப்போடு முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போய்விடட்டும். மேடையில் வரி வரியாக வாசிக்க வேண்டியதில்லை. ஐயங்களுக்கு விளக்கம் தந்து நிறைவேற்றினால் போதும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராது என்ற பயத்தில்தான் பல கிளைகள் இரண்டையும் ஒன்றாக வைக்கின்றன. ஆனால் வாக்குரிமை இல்லாத மாணவர்களால் அரங்கு நிறையுமே தவிர, கோரம் நிறையாது. 5.15க்குத் தேநீர், 5.45க்குச் சிறப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தலைப்பு. எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இதுதான். ‘வேதித் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் எதையும் பேசலாம். கேட்பவருக்கோ பிடி கிடைக்காது. அதே பொருளை ஒரு குழாயை வைத்துப் பேசச் சொல்லுங்கள். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் நடந்த வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள். அங்கே வரிசையாக இருந்த ஆறு வேதிவினை உலைகளில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். உலைகளின் வாய் 28 அங்குலம். போட்ட குழாய் 20 அங்குலம். இரண்டு வாய்களும் ஒரே உயரத்தில் இல்லாததால் குழாயை வளைக்க வேண்டியிருந்தது. அதற்கான வரைபடம் என்பது பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான். இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. இரண்டு மாதம் ஓடிய குழாய் ஒரு சனிக்கிழமை மாலை பிய்ந்துபோக, உள்ளே இருந்த சைக்ளோஹெக்சேன் என்ற எளிதில் தீப்பிடிக்கும் பொருள் மேகமாகக் கிளம்பித் தீப்பற்றியது. அந்தச் சாக்பீஸ் கோட்டைக் கேட்ட மாணவர், நாளை தான் வேலை பார்க்கும் ஆலையில் ‘தற்காலிகமாகத்தானே’ என்று யாராவது சொன்னால் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

உங்கள் பக்கத்து ஆலைகளிலேயே இப்படிப் பேசக்கூடியவர்கள் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட ஓர் உரையில், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் துணிப்பையிலிருந்து ஒரு சாண் நீளத்தில் வெப்பப் பரிமாற்றிக் குழாய்த் துண்டை எடுத்தார். துருப்பிடிக்காத எஃகு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது. வெளிப்பக்கம் பளபளத்தது. உள்பக்கம் குண்டூசித் தலை அளவில் குழிகள். குளிர்விக்கும் நீரில் இருந்த குளோரைடு அரித்த இடங்கள் அவை. துண்டு வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. ஒரு மாணவி பேனா முனையைக் குழிக்குள் விட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அன்று ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

பணியில் இருப்பவரை அழைத்தால், ஆலைப் படங்களையும் எண்களையும் காட்ட அவர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். கேட்கப்போவது யார், எத்தனை நிமிடம், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பயணச் செலவு கிளையுடையது. அதை அவர் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் போதும். படிப்பு, பதவி, விருதுகள் எல்லாம் அழைப்பிதழில் இருக்கட்டும். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தொடங்கிவைத்த வெள்ளி மாலைச் சொற்பொழிவுகளில், குறித்த மணி அடித்ததும் பேச்சாளர் உள்ளே வந்து அறிமுகமே இல்லாமல் பேச்சைத் தொடங்குவதுதான் மரபு.

கேள்வி நேரத்தையும் தற்செயலுக்கு விட்டுவிடாதீர்கள். 1907இல் தொடங்கிய ‘ஃபாரடே விவாதங்கள்’ என்ற வேதியியல் கூட்டங்களில் ஆய்வுக் கட்டுரைகள் முன்பே எல்லோர் கைக்கும் போய்விடும். கட்டுரையாளர் பேச ஐந்து நிமிடம்தான். மீதி நேரம் விவாதம். விவாதமும் கட்டுரைகளோடு சேர்ந்து அச்சாகும். மாவட்டக் கிளையில் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் பத்து நாள் முன்பே பேச்சாளரிடம் இரண்டு பக்கச் சுருக்கம் வாங்கி, ஆறு மாணவர்களிடம் கொடுத்து, ஆளுக்கொரு கேள்வி எழுதிவரச் சொல்ல முடியும். முதல் கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும். மூத்த உறுப்பினர் எழுந்து கேள்விக்குப் பதிலாகத் தன் அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினால், “உங்கள் கேள்வி என்ன ஐயா?” என்று தலைவர் மரியாதையோடு இடைமறிக்க வேண்டும். இந்தப் பொறுப்பை அவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

பொன்னாடையும் நினைவுப் பரிசும் உரை முடிந்த பிறகு இருக்கட்டும். வாழ்த்துரை நான்கையும் எடுத்துவிடுங்கள். வருத்தப்படுவோரை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம். அழைப்பிதழில் உரை தொடங்கும் நேரத்தோடு, கேள்விகள் உட்பட 7 மணிக்கு முடியும் என்பதையும் அச்சிடுங்கள். அப்போதுதான் வெளியூர் மாணவர்கள் கடைசிப் பஸ்ஸை நினைத்து நடுவில் எழமாட்டார்கள்.