சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் ஏன் வெளிநாடு போகிறார்கள், சிலர் ஏன் போவதில்லை?

ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்றவை உள்ள குழந்தைகளுக்கு, அவரவர் தேவைக்கேற்பப் பாடத்தை மாற்றிச் சொல்லித்தருபவர்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர்.

பிலிப்பைன்ஸிலிருந்து இவர்கள் நிறையப் பேர் அமெரிக்கா போகிறார்கள். சம்பளம் பல மடங்கு அதிகம், சரி. ஆனால் இழுப்பது சம்பளம் மட்டுமல்ல. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஏற்ற கல்வியை அங்கே அரசுப் பள்ளிகள் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். ஆள் இல்லை என்று கைவிரிக்க முடியாது. ஆனால் அமெரிக்காவிலேயே ஆசிரியர் பற்றாக்குறை, அதனால் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறார்கள். வீட்டுக் கிணறு வற்றினால் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்குவது மாதிரிதான்.

ஊரிலேயே இருப்பவர்களுக்குக் குடும்பம் ஒரு காரணம். இன்னொன்று மொழி: பேசத் திணறும் குழந்தையின் அரைச்சொல்லைப் பிடிக்கத் தாய்மொழி பெரிய துணை.

போனவர்கள் அங்கேயே குடியேறிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஆசிரியர்களில் பலர் போவது ஜே-1 விசாவில், அதாவது தற்காலிகமாகத் தங்கி வேலை செய்யத் தரும் பரிமாற்ற விசாவில். அதற்கு 3 ஆண்டு, நீட்டித்தால் அதிகபட்சம் 5.