வாசகர் கேள்வி–பதில்: கால்பந்துக் களத்திலிருந்து மல்யுத்த மேடைக்கு

கேள்வி: மல்யுத்த வீரர்களாகப் புகழ்பெற்ற டுவெய்ன் ஜான்சன், ரோமன் ரெய்ன்ஸ், கோல்ட்பர்க் ஆகிய மூவரும் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள் என்று அறிந்தேன். இத்தனை கால்பந்து வீரர்கள் தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்தது தற்செயலா?

பதில்: தற்செயல் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து ஆடுவோரின் எண்ணிக்கைக்கு முன்னால், என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கால்பந்துத் தொடரில் ஆண்டுதோறும் திறக்கும் இடங்கள் மிகச் சொற்பம். 32 அணிகளும் சேர்ந்து 7 சுற்றுகளாக நடத்தும் டிராஃப்ட் தேர்வில் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 260 பேரை மட்டுமே. கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அந்தப் படியைத் தாண்டுவதில்லை. மற்றவர்கள் 22, 23 வயதில், 120 கிலோ எடையையும் அந்த எடையோடு விரைந்து ஓடும் ஆற்றலையும் பல ஆண்டு உழைப்பில் பெற்ற பிறகு, அவற்றைப் பயன்படுத்த இடமின்றி நிற்கிறார்கள். மல்யுத்த நிறுவனங்கள் தேடுவதும் அப்படிப்பட்ட உடலைத்தான்.

நீங்கள் குறிப்பிட்ட மூவரையும் பாருங்கள். ஜான்சன் மயாமி பல்கலைக்கழகத்தின் 1991ஆம் ஆண்டு தேசிய சாம்பியன் அணியில் இருந்தவர். காயங்கள் அவரைப் பின்னுக்குத் தள்ள, அவர் ஆடிய இடத்தை வாரன் சாப் என்ற பெரும் வீரர் பிடித்துக்கொண்டார். 1995இல் எந்த என்.எஃப்.எல். அணியும் ஜான்சனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவின் கால்கரி அணியில் சேர்ந்தவர் அந்தப் பருவம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார். ரோமன் ரெய்ன்ஸ் ஜார்ஜியா டெக் அணியில் ஆடி, 2006இல் தமது மண்டலத்தின் சிறந்த வீரர்கள் வரிசையில் இடம்பெற்றவர். அவரும் 2007 டிராஃப்டில் தேர்வாகவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்ட காலத்தில் ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதிலிருந்து மீண்டு கனடாவின் எட்மன்டன் அணியில் சிறிது காலம் ஆடிய பிறகே, 2010இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற மல்யுத்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். ஜார்ஜியா பல்கலைக்கழக வீரரான கோல்ட்பர்க் மட்டும் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்காக என்.எஃப்.எல். ஆட்டங்களில் களமிறங்கினார். அவரை அங்கிருந்து வெளியேற்றியது வயிற்றுத் தசையில் ஏற்பட்ட கடுங்காயம்.

இவர்களைக் 'கால்பந்தில் தோற்றவர்கள்' என்று எழுதுவோர் உண்டு. அது நியாயமான சொல் அல்ல. ஒரு துறையின் உச்சிக்கு அருகில்வரை சென்றவர்கள் இவர்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: ஜான்சனின் தந்தையும் தாய்வழிப் பாட்டனாரும் மல்யுத்த வீரர்கள், ரெய்ன்ஸும் புகழ்பெற்ற சமோவன் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர். கால்பந்து முடிந்த அன்று இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வீட்டிலேயே ஆள் இருந்தது. அந்த வசதி எல்லாக் கல்லூரி வீரர்களுக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: இந்தப் பாதையை முதலில் போட்டவர் யார்?

பதில்: ஒருவரை மட்டும் கைகாட்டுவது கடினம் என்றாலும், 1920களிலேயே இது தொடங்கிவிட்டது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து வீரரான வெய்ன் மன், 1925 ஜனவரியில் அப்போதைய சாம்பியனான 'ஸ்டிராங்ளர்' லூயிஸை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார். தொழில்முறை மல்யுத்தத்தில் வெல்பவர் யார் என்பது முன்பே தீர்மானிக்கப்படுவது. மன் உண்மையான மல்யுத்தம் அதிகம் அறியாதவர். அவருடைய பெயரும் பேருருவமும் அரங்கை நிரப்பும் என்று கணக்கிட்ட ஏற்பாட்டாளர்கள் அந்த வெற்றியை அவருக்கு அமைத்துக் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே, ஏற்பாட்டின்படி தோற்க வேண்டியவரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ, பேசியதை மீறி நிஜமாகவே மல்யுத்தம் செய்து மன்னை மீண்டும் மீண்டும் தரையில் அழுத்திப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். கைத்தொழில் தெரியாமல் புகழை மட்டும் கொண்டுவந்தவருக்கு என்ன நேரும் என்பது அந்த ஒரே இரவில் தெரிந்துவிட்டது.

அடுத்து வந்த கஸ் சோனன்பெர்க் தாம் கற்றதையே முதலாக்கினார். டார்ட்மவுத் கல்லூரியில் ஆடிய அவர், எதிராளியை நோக்கிப் பாய்ந்து உடலால் மோதி வீழ்த்தும் கால்பந்துத் தாக்குதலை மேடைக்குக் கொண்டுவந்து, 1929இல் பாஸ்டனில் அதே லூயிஸை வென்றார். அதுவரை பிடிகளும் நெடுநேரத் தரைப்போராட்டமுமாக இருந்த ஆட்டத்துக்கு அது புதிய வேகத்தைத் தந்தது. பின்னாளில் ஜிம் டகன் என்ற மல்யுத்த வீரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாய்ந்ததும், கோல்ட்பர்க்கும் ரெய்ன்ஸும் 'ஸ்பியர்' என்ற பெயரில் தோளால் இடித்து வீழ்த்தியதும் அதே மரபின் கிளைகள்தாம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது டெக்சாஸின் கேன்யன் என்ற சிற்றூர்தான். அங்குள்ள வெஸ்ட் டெக்சாஸ் ஸ்டேட் கல்லூரியின் கால்பந்து அணியில் வெவ்வேறு ஆண்டுகளில் ஆடியவர்களின் பெயர்களைப் படித்தால், ஒரு தலைமுறை மல்யுத்தத்தின் முன்னணி வரிசையே கண்முன் வருகிறது: டோரி ஃபங்க் இளையவர், டெர்ரி ஃபங்க், டஸ்டி ரோட்ஸ், ஸ்டான் ஹான்சன், புரூசர் புரோடி, டெட் டிபியாசி, டல்லி பிளான்சார்ட், டீட்டோ சந்தானா. காரணம் எளிது. பக்கத்து நகரமான அமரில்லோவில் ஃபங்க் சகோதரர்களின் தந்தை மல்யுத்த நிகழ்ச்சிகளை நடத்திவந்தார். பருவம் முடிந்த வீரர்களுக்குப் பயிற்சியும் மேடையும் அருகிலேயே கிடைத்தன.

கேள்வி: முடிவு முன்பே தீர்மானிக்கப்படும் ஆட்டத்துக்கு, உண்மையான மோதலில் பழகிய கால்பந்து வீரர் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

பதில்: ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது, கற்றதில் ஒரு பகுதியை மறக்கவும் வேண்டியிருக்கிறது.

முதலில் விழக் கற்க வேண்டும். மல்யுத்த மேடை மெத்தை போன்றது என்று பலர் எண்ணுகிறார்கள். எஃகுச் சட்டங்கள், அவற்றின்மேல் மரப்பலகைகள், அதன்மேல் மெல்லிய நுரைப்படலம், இறுக இழுத்துக் கட்டிய துணி, அவ்வளவுதான். பின்னோக்கி விழுபவர் தாடையை மார்போடு ஒட்டி, மூச்சை வெளியேற்றி, இரு கைகளாலும் தரையை அறைந்து, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். தாடை ஒருமுறை விலகினால் பின்மண்டை தரையில் மோதும். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்தே பழகிய வீரருக்கு இதுதான் முதல் அதிர்ச்சி.

இரண்டாவது மூச்சு. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நகர்வு சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த நகர்வுக்கு முன் அதைவிடப் பன்மடங்கு நேரம் ஓய்வு கிடைக்கும். முன்வரிசையில் நிற்கும் பேருருவ வீரர்களின் உடல் அந்தத் தாளத்துக்கே பழகியிருக்கும். மேடையிலோ 15, 20 நிமிடம் இடைவெளியின்றி இயங்க வேண்டும்; நடுவில் எதிராளியோடு தாழ்ந்த குரலில் அடுத்த நகர்வைப் பேசவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மூன்றாவது. கால்பந்தில் தடுப்பாட்ட வீரருக்குச் சிறுவயது முதல் கற்பிக்கப்படுவது, எதிராளியின் உடலைக் கடந்து செல்லும்படி மோத வேண்டும் என்பதே. மல்யுத்தத்தில் எதிராளி தம் கழுத்தையும் முதுகையும் நம்பி உங்கள் கையில் ஒப்படைக்கிறார். பார்வையாளர் கண்ணுக்கு இடியாகத் தெரிவது, வாங்குபவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கோல்ட்பர்க் 1997 செப்டம்பரில் அறிமுகமாகி, ஓராண்டுக்குள், 1998 ஜூலை 6 அன்று, தாம் முன்பு கால்பந்து ஆடிய அதே ஜார்ஜியா டோம் அரங்கில் ஹல்க் ஹோகனை வென்று டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தின் பட்டம் பெற்றார். அவ்வளவு வேகமான ஏற்றத்தில் கைப்பக்குவம் வர நேரமில்லை. 1999 டிசம்பரில் அவர் விட்ட ஓர் உதை சக மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டின் தலையில் பலமாகப் பட்டு, ஹார்ட்டுக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டது. மறு ஆண்டே ஹார்ட் ஓய்வுபெற நேர்ந்தது. அதற்காக வருந்துவதாக கோல்ட்பர்க் பலமுறை கூறியிருக்கிறார். அவரிடம் தீய எண்ணம் இருக்கவில்லை. ஆனால் முழுமையாகப் பழகாத ஒருவரை உச்சத்தில் நிறுத்த அவசரப்பட்ட நிறுவனத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

இனி முகமும் குரலும். கால்பந்தில் முகம் தலைக்கவசத்துக்குள் மறைந்திருக்கிறது. மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வலியும் சினமும் தெரிய வேண்டும். 1996 நவம்பரில் புன்னகை மாறாத நல்லவராக அறிமுகப்படுத்தப்பட்ட ஜான்சனைப் பார்வையாளர்கள் வெறுத்துக் கூச்சலிட்டார்கள். 1997இல் அவர் ஒரு தீயவர் அணியில் சேர்க்கப்பட்டு, ஒலிவாங்கியில் தம் இயல்பான திமிரோடு பேசத் தொடங்கிய பிறகே 'தி ராக்' என்ற அவருடைய மேடைப் பாத்திரம் பிறந்தது. அந்த அணியின் தலைவராக இருந்தவர் ரான் சிம்மன்ஸ். அவரும் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கால்பந்தில் தேசிய அளவில் சிறந்த வீரராகத் தேர்வானவர், 1992இல் வேடர் என்ற மல்யுத்த வீரரை வென்று டபிள்யூ.சி.டபிள்யூ. உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

கால்பந்து கொடுத்துவிடும் நன்மைகளும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான ஆட்டத்திட்டங்களை மனப்பாடம் செய்த பழக்கம், தம் ஆட்டத்தைக் காணொளியில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பொறுமை, பயிற்சியாளரின் கண்டிப்பைத் தாங்கும் மனம் ஆகியவை அவ்வளவு எளிதில் வேறிடத்தில் கிடைக்காதவை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போதே டபிள்யூ.டபிள்யூ.இ. ஒப்பந்தம் செய்ய முடியுமா?

பதில்: இப்போது முடியும். கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்ட 2021 ஜூலை முதல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அனுமதிக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் 'நெக்ஸ்ட் இன் லைன்' என்ற திட்டத்தை டபிள்யூ.டபிள்யூ.இ. தொடங்கியது. இதில் சேரும் மாணவர் தம் கல்லூரி விளையாட்டைத் தொடர்ந்தபடியே, ஆர்லாண்டோவில் 2013 முதல் இயங்கும் பயிற்சி மையத்தைப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்ததும் முழுநேர ஒப்பந்தம் கிடைக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடுகிறான். கடைசி ஆண்டு. மல்யுத்தத்துக்குப் போவேன் என்கிறான். களத்தில் இரண்டு முறை தலையில் அடிபட்டிருக்கிறது. அக்கா அழுகிறாள். நான் என்ன சொல்ல?

பதில்: அவனுடைய ஆசையைப் பழிக்க வேண்டாம், அந்தத் தலைக்காயங்களை மட்டும் மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சொல்ல கிறிஸ் நவின்ஸ்கியின் வாழ்க்கை பொருத்தமானது. ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடிவிட்டு டபிள்யூ.டபிள்யூ.இ. மேடைக்குச் சென்ற அவர், 2003இல் தலையில் பட்ட உதைக்குப் பின் தலைவலியும் மறதியும் நீங்காமல் விலக நேர்ந்தது. மருத்துவர் ராபர்ட் கேன்ட்டுவிடம் சென்று பேசியபோதுதான், கால்பந்துக் காலத்திலேயே தமக்கு மூளையதிர்ச்சிகள் ஏற்பட்டிருந்தன, அவற்றைத் தாம் அறியாமலே கடந்துவந்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. இருவரும் சேர்ந்து 2007இல் இதற்கென ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். விளையாட்டில் பட்ட தலைக்காயங்களால் மூளைக்கு நாளடைவில் ஏற்படும் சிதைவைப் பற்றி இன்று உலகம் பேசுவதில் அவர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

டபிள்யூ.டபிள்யூ.இ. 2010இல் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடைசெய்தது. ஆனாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை: அயோவா பல்கலைக்கழகக் கால்பந்திலிருந்து வந்து 2021இல் சாம்பியனான பிக் இ, அடுத்த ஆண்டே தலைகீழாக விழுந்து கழுத்தெலும்பு முறிந்தார். மேலும், என்.எஃப்.எல். வீரர்களுக்குத் தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருக்கின்றன. மல்யுத்த வீரர்கள் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகவே நடத்தப்படுகிறார்கள், அவர்களுக்குச் சங்கம் இல்லை, ஓய்வுப் பருவமும் இல்லை.

ஆகவே, எந்தத் தேர்வு முகாமுக்கும் போகும் முன்பு, அணியோடு தொடர்பில்லாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அவன் முழுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கணக்கில் வந்த இரண்டு அடிகளோடு, தலை சுற்றியும் வெளியே சொல்லாமல் ஆடிய நாட்களையும் அவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் கூடாது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சரி என்றால், பட்டத்தை முடித்துவிட்டு, ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, காயத்தின்போது மருத்துவச் செலவு யாருடையது, மேடை ஏற முடியாத மாதங்களில் ஊதியம் உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் பெற்ற பிறகு கையெழுத்திடட்டும். அந்த மருத்துவரைச் சந்திக்கும்போது உங்கள் அக்காவையும் உடன் அழைத்துச் செல்ல, அல்லது காணொளி அழைப்பில் இணைக்க, ஏற்பாடு செய்யுங்கள். அவர் கேட்க நினைக்கும் கேள்விகளுக்குப் பதில் அந்த அறையில்தான் கிடைக்கும்.